ஏழாம் நம்பர்

அந்தப் பட்டறையில் ஆறாவது லேத்துக்குப் பக்கத்தில் எட்டாவது லேத் நின்றது. ஏழு கிடையாது. புதிதாகச் சேரும் ஆட்களுக்கும் ஏழாம் நம்பர் தருவதில்லை. ஏன் என்று கேட்டால், ஆபீஸ் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருக்கும் பீரங்கிக் குண்டைக் காட்டுவார்கள். அது வெடிக்காத குண்டு. முதலாளியின் தீராத மனக்குறையே அதுதான்.

போர் நாளில் அவர் ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கும் சிப்பாய். இங்கே அவருடைய அப்பா, குண்டின் மூக்கில் திருகுகிற ஃபியூஸ்களைச் செய்து அதே ராணுவத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். குண்டு தரையில் மோதியதும் உள்ளே ஓர் ஊசி குத்திப் பொறி கிளப்ப வேண்டும், அவ்வளவுதான் ஃபியூஸின் வேலை. ஒருநாள் குண்டு ஏற்றிய லாரி ஒன்று எதிரியிடம் சிக்கிக்கொண்டது. எதிரி அந்தக் குண்டுகளை அலமாரியில் அடுக்கியா வைப்பான்? நம் ஆட்கள் தலையிலேயே போட்டான். வேறொரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்த முதலாளியின் காதோரம் ஒன்று வந்து விழுந்தது. வெடிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் தலைதெறிக்க ஓடியிருப்பார்கள். இவர் தவழ்ந்து போய் ஃபியூஸ்மேல் இருந்த முத்திரையைப் படித்தார். சொந்தக் கம்பெனி முத்திரை. அதன் கீழே, செய்த ஆளின் எண்: 7.

அன்றைக்கு ஏறிய கோபம் இறங்கவே இல்லை. "சிப்பாயா பொழச்சேன், முதலாளியா மானம் போச்சு" என்பார். போர் முடிந்ததும் குண்டைக் கித்தான் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார். ராணுவம் எப்படி விட்டது என்று கேட்கக் கூடாது. அங்கேயும் எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். வந்ததும் வராததுமாக "எவன்டா ஏழு?" என்று கத்தினார். நம்பர் போட்டுக் கொடுத்த அப்பா அதற்குள் காலமாகியிருந்தார். போர்க்கால ஆட்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள்.

விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருடைய மனைவி. பட்டறைக்கு முதலாளியம்மா. அவள்தான் அந்த ஏழு.

ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் மாமனார் அவளை லேத்தில் நிறுத்தியிருந்தார். அவள் ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்ததாகக் கணவர் தானாகவே நினைத்துக்கொண்டார். "அந்த ஏழு மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று முப்பது வருஷமாக அவர் தட்டின் முன்னால் பல்லைக் கடிக்க, அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். பயம் ஒன்றுமில்லை, ரோஷம்தான். தன் ஊசி பிசகியிருக்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஒவ்வொன்றும் கூராக இருக்கிறதா என்று நகத்தில் உரசிப் பார்த்தே அனுப்பியவள். நிரூபிக்க வழியில்லாமல் மனதுக்குள்ளேயே புழுங்கினாள்.

இந்த வருஷம் புதிதாக ஓர் இன்ஷூரன்ஸ்காரர் வந்தார். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததைப் பார்த்தார். மூச்சுக்கூட விடாமல் தெருக்கோடி வரை போய், அங்கிருந்து போன் செய்தார். ராணுவத்திலிருந்து வெடிகுண்டு நிபுணர் வந்து எல்லாரையும் வெளியேற்றினார். முதலாளி மட்டும் நகரவில்லை.

"என்னையே கொல்லத் தெரியாத குண்டு சார் இது. இப்ப மட்டும் என்ன கிழிச்சிடும்?"

மகன்தான் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே கொண்டுவந்தான். நிபுணர் குண்டை ஊருக்கு வெளியே எடுத்துப்போய்க் கழற்றிவிட்டு, மதியம் ஃபியூஸோடும் ஒரு காகிதப் பொட்டலத்தோடும் திரும்பினார்.

"ஊசி மழுங்கலா, கோணலா? மறைக்காம சொல்லுங்க" என்றார் முதலாளி.

"ஊசி பிரமாதம் சார். கச்சிதமா குத்தியிருக்கு, பொறியும் பறந்திருக்கு." பொட்டலத்தைப் பிரித்தார். "வெடிமருந்து இருக்கவேண்டிய எடத்துல மரத்தூள். மேலாக மட்டும் கருகியிருக்கு. மருந்து நிரப்பின கம்பெனிக்காரன் திருடியிருக்கான்."

"ஏழு நான்தான்!" என்றாள் முதலாளியம்மா. பட்டறை முழுக்கக் கேட்டது.

முதலாளி அவளைப் பார்த்தார், ஃபியூஸைப் பார்த்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீயா! அடேயப்பா, என்ன வேலை! உள்ள மட்டும் மருந்து இருந்திருந்தா நான் அங்கேயே சுக்குநூறாயிருப்பேன். பொறுக்கிறதுக்கு எலும்புகூட மிஞ்சியிருக்காது. பாத்துக்கோங்கடா, வேலைன்னா இது!" ஃபியூஸைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "நாளைக்கே ஏழாவது லேத் எறக்கறோம்!"

ஆட்கள் கைதட்டினார்கள். அவள் சிரிக்கத்தான் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற மகன்மேல் கண் போனது. போர் முடிந்து, அவர் திரும்பி வந்த பிறகு பிறந்தவன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. தன் வலதுகைக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து அழுதாள்.

"அட, பாஸாயிட்டே! எதுக்கு அழுவுற? இந்த மரத்தூள்காரனைத்தான் நான் சும்மா விடமாட்டேன். கேஸ் போடறேன் பாரு."

"போடுங்க. அந்தத் திருடன் பக்கம் நான் சாட்சி சொல்லுவேன்."

"திருடனுக்கா?"

"அவனும் என்னை மாதிரி ஒழுங்கா வேலை பாத்திருந்தா..." என்றவள், மரத்தூள் பொட்டலத்தை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

முதலாளி ஃபியூஸை மேஜைமேல் மெதுவாக வைத்தார். கைதட்டிய ஆட்களை வேலைக்கு விரட்டினார். அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்:

"சிந்தாம மடிச்சியா?"