யாருடைய துடிப்பு

"இருக்குதும்மா, நாடி இருக்குது" என்று சொல்லிவிட்டு, யோவான் அப்பாவின் மணிக்கட்டைக் கட்டைவிரலால் இன்னும் அழுத்திப் பிடித்தான்.

அழத் திறந்த வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு அம்மா சூசைமேரி மறுபடி உட்கார்ந்தாள். டாக்டரைக் கூப்பிடப் போனவர் திரும்பவில்லை. களம்பூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஜெபராணி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். உயிரோடு முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"படிச்ச புள்ள சொல்லுது. கொஞ்சம் பொறு மேரிக்கா" என்றாள் பக்கத்துத் தறிவீட்டுக் கமலம்.

படிச்ச புள்ள. கோலார் தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில், புரோட்டான் என்ற அணுத்துகள் என்றைக்காவது தானாக அழிகிறதா என்று காத்துக் கிடக்கும் குழுவில் அவன் ஒருவன். கருவியில் விழுந்த சில தடங்களைக் காட்டி, அழிந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். "வெளியிலிருந்து வந்த நியூட்ரினோ என்ற வேறொரு துகள் கிழித்த கோட்டை உள்ளே நடந்த சாவு என்கிறீர்கள்" என்றார்கள் மறுத்தவர்கள். அவன் அதற்காக எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறான்.

அப்பா பெரியநாயகம் புரோட்டான் என்ற பெயரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. போன லீவில்கூட, "இன்னாடா, உன் புரோட்டா செத்துதா இல்லியா? எனக்கு முன்னாடி போவுமா, பின்னாடியா?" என்று கேட்டு, இருமி இருமிச் சிரித்தார்.

ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். வாசலை ஜனம் அடைத்து நின்றது. சுரங்கக் கூண்டில் இறங்கும்போதுகூட அவனுக்கு இப்படி மூச்சு முட்டியதில்லை. கையை எடுத்தால் அழுகை கிளம்பிவிடும். எடுக்காதவரை இந்தக் கட்டில் ஓரத்தை விட்டு அசைய முடியாது.

கட்டைவிரல் மரத்துப்போயிற்று. ஆள்காட்டி விரலை மாற்றி வைத்தான். ஒன்றுமில்லை. நடுவிரலுக்கும் ஒன்றுமில்லை. திரும்பக் கட்டைவிரலை வைத்தான், துடித்தது. முன்னைவிட வேகமாகத் துடித்தது. அவன் நெற்றிப்பொட்டும் அதே வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு நேரம் தன் கட்டைவிரலின் துடிப்பைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

வாசலில் கூட்டம் விலகியது. ஜெபராணி தலை கலைந்து ஓடி வந்தாள். "அண்ணா! இருக்காராண்ணா?"

அவனால் இருக்கிறார் என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

கமலம் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஜெபராணியின் கையைப் பிடித்து இழுத்தாள். "அவன இன்னாத்துக்குக் கேக்குற? கை சூடா இருக்குது பாரு. ஜல்தியா பிடிச்சிக்கோ. பேசு கண்ணு."

பொய் கலக்காத ஆறுதல் ஒன்றைச் சில வேளை ஆண்டவர் அண்டை வீட்டார் வாயில் வைத்து அனுப்புகிறார்.

ஜெபராணி அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "யப்பா, நான்தாம்ப்பா. பஸ்ஸு போளூர் ரோட்டுல நின்னுகினே இருந்திச்சிப்பா..."

அம்மா மகனைப் பார்த்தாள். அழவில்லை. தலைமாட்டில் கிடந்த ஜெபமாலையை எடுத்து, உதடு மட்டும் அசைய, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள்.

ஜெபராணி பேசிக்கொண்டே இருந்தாள். யோவான் மெல்ல விரலை எடுத்தான். அப்பாவின் மணிக்கட்டில் அழுந்திய இடம் வெளுத்திருந்தது. ரத்தம் திரும்பாமல் வெளுத்தே இருந்தது.