டிரசர் வீட்டுப் பத்தியம்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் யேசுதாசன். கால்மாட்டில் அவன் மனைவி எல்ஸி. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து, போகிற வழியில் நோயாளியைப் பார்க்க வந்த நர்ஸ், மிஸி ரோசரி. சமையலறை வாசலில், மூடிய மங்குக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுச் செல்லாயி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் யேசுதாசனின் அண்ணன் லூர்துசாமி. வேறு யாரும் இல்லை. கூட இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்கள் அன்று அந்த வீடு இருந்த புந்தோங் பக்கமே வரவில்லை.

லூர்துசாமி, ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் மருந்து கொடுத்துக் காயம் கட்டும் டிரசராக இருந்தவர். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான் டாக்டர். காய்ச்சல்காரனுக்கு என்ன ஆகாரம், பிள்ளை பெற்றவளுக்கு என்ன ஆகாரம் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

தம்பிக்கு வயிற்றில் புற்று. அறுபத்தாறு வயதில் அறுத்துப் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பி ஏழு வாரம் ஆகியிருந்தது. ஏழு வாரமும் லூர்துசாமி வைத்ததே சட்டம். உப்பில்லாக் கஞ்சி, பார்லி தண்ணி, இரண்டு மணிக்கொரு தரம், மருந்து கிளாஸில் அளந்து. புளி கூடாது, காரம் கூடாது, கருவாட்டு வாடையே ஆகாது.

"அண்ணே, இது கஞ்சியா, கோயில் வாசல்ல தொட்டுக் கும்பிடுற தீர்த்தமா?" என்று யேசுதாசன் முதலில் கேலி பேசினான். பிறகு கேலியும் ஓய்ந்தது. தோள் எலும்பில் சட்டை தொங்கியது.

ரோசரி அவன் நாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அங்கிள், இவருக்கு நாக்குல ருசி மாறிப்போச்சு. கொஞ்சம் புளிப்பு, உப்புன்னா இறங்கும். கேட்டதக் குடுங்க. ரெண்டு வாய் போதும். வேணாம்னா வற்புறுத்தாதீங்க லா."

லூர்துசாமியின் முகம் இறுகியது. கேட்டதைக் கொடு. தோட்டத்தில், இனிப் பிழைக்காது என்று தெரிந்த நோயாளி வீட்டில் அவரே சொல்லும் வார்த்தை அது. சொல்லிவிட்டு அவர் தொழிலாளர் லயத்தைத் தாண்டுமுன் பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். அதே வார்த்தையை அவர் வீட்டு நடுவில் நின்று இன்னொருத்தி சொல்கிறாள்.

"கையக் கழுவிட்டீங்களாம்மா?"

"கழுவல அங்கிள். வலிக்கு மருந்து குடுக்கிறோம்ல, சாப்பாடும் அப்படித்தான். இனி ஒடம்பு தேறப்போறதில்ல. பிடிச்சத ஒரு வாய் சாப்பிட்டா அந்த நாளாவது நல்லா போகும்."

"எங்க குடும்பத்துல யாரையும் சாவுக்குத் தூக்கிக் குடுத்ததில்ல. பத்தியம்னா பத்தியந்தான்."

கட்டிலில் யேசுதாசன் மூக்கை உறிஞ்சினான். "செல்லாயி, மங்குல என்னா?"

"கெலாமா கருவாடுண்ணே. லூமுட்லேருந்து மகன் கொண்டாந்தான். புளி தூக்கலா ஊத்திக் கொழம்பு வச்சேன்."

"அண்ணே, ஒரு சொட்டு. நாக்குல வச்சாப் போதும்."

பிறந்ததிலிருந்து தம்பி அவரிடம் எதையும் கெஞ்சியதில்லை. அதுவும் அவருடைய தோட்டத்திலேயே பால்மரம் வெட்டிய ஒருத்தி முன்னால். லூர்துசாமி எழுந்து மங்கை வாங்கினார்.

"நாஞ் சொன்ன பத்தியத்த ஒஞ் சட்டி வந்து மாத்துதா?"

"எங்க வாயத்தான் ஆயுசு பூரா கட்டுனீங்க, டிரசர் ஐயா," என்றாள் செல்லாயி. "கூடப் பொறந்தவரு வாயையுமா?"

அவர் பின்வாசல் சாக்கடையில் குழம்பைக் கொட்டினார். மங்கைக் கழுவி, துடைத்து, அவள் கையில் கொடுத்தார். கழுவாத பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வீடு அல்ல அது.

யேசுதாசன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு கஞ்சிக்கு அவன் வாய் திறக்கவில்லை. எல்ஸி கெஞ்சினாள், அழுதாள். ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது.

"மச்சான், நீங்க சொன்னா திறப்பாரு," என்றாள். லூர்துசாமி சொன்னார். திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவரே மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் கெலாமா கருவாடு வாங்கிவந்தார். எல்ஸியிடம் புளி கரைக்கச் சொல்லிவிட்டு அடுப்பருகிலேயே நின்றார். கிண்ணத்தைத் தாமே ஏந்திப் போய்க் கட்டிலோரம் குனிந்தார்.

"தம்பி, கருவாட்டுக் கொழம்பு."

யேசுதாசன் கண் திறந்தான். கரண்டி உதட்டில் பட்டது, தொண்டை அசையவில்லை.

"இப்ப எதுக்குண்ணே?" என்றான்.

மறுநாள் மத்தியானம் இறந்துபோனான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. கோலா கங்சாரிலிருந்து வந்திருந்த பங்காளி மரியஜோசப் இலையில் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "நல்லாத்தானே இருந்தான். அந்தச் செல்லாயி கருவாட்டக் குடுத்துல்ல கொன்னுட்டா."

இந்தப் பேச்சு மார்க்கெட்டிலும் கோயில் வாசலிலும் லூர்துசாமியின் காதில் ஏற்கெனவே விழுந்ததுதான். ஒரு மாதமாக அவர் மறுக்கவில்லை. மறுக்காமலிருந்தது அவருக்கு வசதியாகவும் இருந்தது. இப்போது பின்கட்டில் சட்டி தேய்க்கும் சத்தம் நின்றது. உதவிக்கு வந்திருந்த செல்லாயி அங்கேதான் இருந்தாள்.

லூர்துசாமி பாதிச் சோற்றில் எழுந்தார். முதுகு வளையவில்லை.

"அவ குடுத்தத அவன் தின்னல. நாந்தான் சாக்கடையில கொட்டினேன். எந் தம்பி பசியோடதான் செத்தான்."