ஒரே பிள்ளை

கேள்வி கேட்டுத்தான் பிழைக்கிறேன். நாளொன்றுக்கு எழுபது பேருக்குப் போன் போட்டு, "நீங்கள் வாங்கிய ஃபிரிட்ஜ் திருப்தியாக இருக்கிறதா?" என்று விசாரிக்கிற கம்பெனியில் பதினொரு வருட சர்வீஸ். பாத்ரூமில் இருந்தவரையும் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவரையும் பேச வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, பெற்ற தகப்பனிடம் ஒரே ஒரு பதில் வாங்க முடியவில்லை.

அக்காவை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள்? அவ்வளவுதான் கேள்வி.

எனக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதே போன வருடம்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் அம்மா மாஸ்க்கை இறக்கிவிட்டு, "உனக்கு ஒரு அக்கா இருக்காடா. அஞ்சு வயசுல விட்டுட்டு வந்தோம். அப்பாவைக் கேளு, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள். நர்ஸ் வந்து மாஸ்க்கை ஏற்றிவிட்டாள். மறுநாள் அம்மா போய்விட்டாள். எங்கள் வீட்டில் யாரும் எதையும் முழுசாகச் சொல்லும் வழக்கம் கிடையாது.

கேட்கிற துணிச்சல் எனக்கு வருவதற்குள் அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது. "பழசு கடைசியாத்தான் போகும். ஆனா போகும். கேக்க வேண்டியதை இப்பவே கேட்டுடுங்க" என்றார் டாக்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாவுக்குச் சாய்த்துப் போனை நிறுத்தினேன். எதிரே அப்பா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் படுக்கை விரிப்பு மடித்த கை, மேஜைத் துண்டை எட்டாக மடித்துக்கொண்டிருந்தது.

"உங்க வாழ்க்கைக் கதையை ஆரம்பத்துல இருந்து சொல்லுங்கப்பா."

போனில் சிவப்புப் புள்ளி எரிந்ததும் அப்பா துண்டை வைத்தார். சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டார். கைகள் முழங்காலுக்குப் போயின.

"நாங்கள் மூன்று பேர் ஐயா. நான், என் மனைவி, ஒரு ஆண் குழந்தை. நான் சைக்கிள் கடை வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு நான்கு பேர் வந்து கடைக்குத் தீ வைத்தார்கள்..."

அப்பாவுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது.

அந்தக் கதை இரவல். இந்த நாட்டுக்குள் அடைக்கலம் கேட்டு வர ஒரு கதை வேண்டும். ஏற்பாடு செய்தவரிடம் ஒரு சைக்கிள் கடைக்காரருடைய ஃபைல் தயாராக இருந்ததாம். கடைசி நேரத்தில் பயணத்தை நிறுத்திவிட்ட அந்த மனிதருக்கு ஒரே பிள்ளை, பையன். மூன்று பேருக்கான ஃபைலில் நாங்கள் நான்கு பேர் எப்படி நுழைவது? கேஸ் முடிந்ததும் மூத்தவளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார்கள். கேஸ் ஐந்து வருடம் இழுத்தது. முடிந்த பிறகு அவளைக் கூப்பிட்டால் ஃபைல் பொய்யென்று ஆகிவிடும். மூட்டை கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் நானாகக் கூட்டிக் கழித்துப் புரிந்துகொண்டது. பாதி, ஃபைலைப் பற்றி அம்மா எப்போதோ வாய்தவறிச் சொன்னதை வைத்து; மீதி, அந்த ஐந்து வருடமும் எங்கள் சமையலறையில் நடந்த ஒத்திகையை வைத்து.

ஒத்திகையில் அம்மாதான் விசாரணை அதிகாரி. அப்பா முகம் மழிக்கும்போது, தூக்கக் கலக்கத்தில் எழும்போது, திடீரென்று கரண்டியை நீட்டுவாள்: "எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணு! பையன்!"

நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். மேஜைக்கு அடியிலிருந்து நானும் "ஒண்ணு!" என்று கத்துவேன். அந்த ஒண்ணு நான்தான் என்பதில் அவ்வளவு பெருமை எனக்கு.

போனை ஒளித்துவைத்துக் கேட்டுப் பார்த்தேன். பூங்காவில் நடக்கவிட்டுக் கேட்டேன். மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். மூன்று ஞாயிறும் சைக்கிள் கடைதான் எரிந்தது.

"மாமா ஒரு எழுத்து மாத்தலை. நீங்க வீட்டுக்கு வர்ற வழியிலேயே கதையை மாத்திடுவீங்க" என்றாள் மனைவி. பிறகு அவளே யோசித்து, "அவரு அதிகாரிக்குத்தானே பதில் சொல்றாரு? நீங்களே அதிகாரியாகி, கேஸை முடிச்சு விட்டுடுங்களேன்" என்றாள்.

நான்காவது ஞாயிறு கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பித்தான் வயிற்றுக்கு எட்டவில்லை. அரசு அதிகாரிக்கு அது பொருத்தமாகவே இருந்தது. வாரண்டி காகிதங்கள் இருந்த ஃபைலை விரித்து, கம்பெனி முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.

"உங்கள் கேஸ் ஏற்கப்பட்டது. இனி உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது."

அப்பா என்னையே பார்த்தார். கை மெதுவாக மேலே போய்க் கழுத்துப் பித்தானைக் கழற்றியது. சமையலறை வாசலில் நின்ற என் மனைவியை அம்மா என்று நினைத்திருக்க வேண்டும். அவள் பக்கம் திரும்பினார். அப்படியொரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"கேட்டியா? முடிஞ்சிருச்சாம். பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடலாம். இந்நேரம் முன்பல்லு விழுந்திருக்கும் அவளுக்கு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் காத்திருந்திருக்க வேண்டும். ஒருவர் தானாகப் பேசும்போது நீ வாயை மூடு: வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் நடத்துகிற முதல் பாடமே அதுதான். பேனாவை எடுத்துக்கொண்டு மேஜைமேல் பாய்ந்தேன்.

"எந்தப் பாப்பா? யார்கிட்ட விட்டிருக்கீங்க? விலாசம் சொல்லுங்க!"

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. விரல்கள் பித்தானைத் தேடின.

"எங்களுக்கு ஒரே பிள்ளை ஐயா. பையன்."

"அப்பா, நான்தான்பா அந்தப் பையன்." கோட்டைக் கழற்றி வீசினேன். "இப்பதானே பாப்பான்னு சொன்னீங்க?"

"நான் சொல்லலீங்க ஐயா." என் மனைவியைக் கைகாட்டினார். "மொழிபெயர்க்கிறவங்க தப்பா சொல்லியிருப்பாங்க."

அவள் வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். "மாமா, யாரும் இல்லை. நாம மட்டும்தான். பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்? அதை மட்டும் சொல்லுங்களேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை, ஆறு மணி, நான்கு பேர் என்று உதடு முணுமுணுத்தது. நான் ஃபைலை மூடினேன். மூடிய சத்தத்துக்கே திடுக்கிட்டார்.

"அவ்வளவுதாங்க. நீங்க போகலாம்" என்றேன்.

அப்பா எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, கோட்டில்லாத என்னை அடையாளம் கண்டுகொண்டவர்போல் முழங்கையைப் பிடித்து, காதருகே குனிந்தார்.

"சரியாச் சொன்னேனாடா? மாட்டிக்கலையே?"

"சரியாத்தான் சொன்னீங்கப்பா. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.

"அப்பாடா" என்று போய்ப் படுத்துக்கொண்டார்.