வண்டியின் வால்

அர்சேனியோவிடம் வண்டியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் ஆளேற்றும் ஜீப்னி வண்டிகளில் பாதி அவன் கைபட்டுத்தான் ஓடின. கல்யாணமான புதிதில் லூர்தெஸ் ஒருமுறை, "இஞ்சின்ல என்னமோ சத்தம் கேக்குதே" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்க்காமல் இருந்தாள். அதனால் கனடாவின் வினிபெக்கில் வந்து இறங்கிய வாரமே, அவளுடைய பெரியம்மா மகள் நிதா, "தம்பி, இங்க வண்டி வாங்குறதா இருந்தா ஒரு விஷயம் கவனிக்கணும்" என்று ஆரம்பித்ததும் லூர்தெஸ் அவசரமாகப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"வண்டியைப் பத்தியா? எனக்கா?" என்று அர்சேனியோ சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து நிதா பேச்சை மாற்றினாள். தான் கொண்டு வந்த பழைய குளிருடுப்புகளை எடுத்துப் போட்டாள். அவற்றில் பெரியவர் உடம்புக்கு ஆகும் கோட்டு ஒன்றே ஒன்றுதான். முழங்கால் வரை தொங்கும் அது, பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருந்தது.

"இதை நான் போடணுமா? இந்தக் குளிரெல்லாம் ஒரு குளிரா அக்கா?" என்றான் அர்சேனியோ. அப்போது செப்டம்பர் மாதம்.

அக்டோபரில் பழைய கார் ஒன்று வாங்கினான். வாங்கிய அன்றே இஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டவன், வெளியே எடுத்தபோது கையில் ஒரு கறுப்பு ஒயரைப் பிடித்திருந்தான். அது வண்டியின் முன்பக்கக் கம்பிகளுக்கு நடுவே வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு பிளக்.

"லூர்தெஸ், இங்க வா. இதைப் பாரு. இது காரா, இஸ்திரிப் பெட்டியா?"

"எதுக்காவது இருக்கும். நிதாக்காகிட்ட கேளேன்."

சொல்லியிருக்கக் கூடாத சொல். அவன் உடனே கத்தரியை எடுத்து ஒயரை வெட்டி, நுனிக்கு அழகாக டேப் சுற்றினான். அதோடு விட்டிருந்தால் குடும்பத்தோடு போயிருக்கும். பக்கத்து வீட்டு ஸ்டெஃபாவின் சிவப்புக் காரிலும் அதே மாதிரி ஒரு வால் தொங்குவது அவன் கண்ணில் பட்டது. ஸ்டெஃபா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், தனி ஆள். இவர்கள் குடிவந்த அன்று ஒரு பெரிய பானை நிறைய பீட்ரூட் சூப்பைக் கொண்டுவந்து கொடுத்தவள். அந்த நன்றிக்கடன் அர்சேனியோவின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வாலையும் வெட்டி, டேப் சுற்றி, கையோடு கண்ணாடியையும் துடைத்துவிட்டு வந்தான்.

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே?" என்றாள் லூர்தெஸ்.

"உதவின்னா சொல்லிட்டா செய்வாங்க?"

வண்டிகள் நிற்கும் இடத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குட்டைக் கம்பம் இருந்தது. அதில் பிளக் சொருக இரண்டு மின்சார இணைப்புகள். அது எதற்கு என்று லூர்தெஸ் யோசித்துக்கொண்டிருந்தபோது அர்சேனியோவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

"எவ்ளோ பக்தியான ஊர் பாத்தியா? காரு நிறுத்துற இடத்துலகூட கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கரண்டு வச்சிருக்கான்!"

அந்த வாரமே மூங்கில் குச்சியும் வண்ணத்தாளுமாக ஒரு நட்சத்திரம் செய்து, உள்ளே பல்பு வைத்துக் கம்பத்தின் தலையில் கட்டினான். இவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும் என்பதால் இதுவே தாமதம் என்று அவனுக்கு வருத்தம். எட்டு வயது ஜோவெலின் தினமும் சாயங்காலம் அதன் பிளக்கைச் சொருகிவிட்டுக் கைதட்டுவாள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஸ்டெஃபா வெளியூரிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். மகளே வந்து அழைத்துப் போனாள். போகும்போது ஸ்டெஃபா கம்பத்தைக் காட்டி, "குளிர் இறங்கிருச்சுன்னா சொருகி விட்ருங்க, என்ன? மறந்துடாதீங்க" என்றாள்.

"மறப்போமா?" என்றான் அர்சேனியோ. அவள் போனதும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். "நம்ம நட்சத்திரம் அவங்களுக்கு எவ்ளோ பிடிச்சிருக்கு பாரு."

கிறிஸ்துமஸுக்கு முந்திய அதிகாலைப் பூசைகள் தொடங்கிய அன்று குளிர் இறங்கியது. இறங்கியது என்று சொன்னால் போதாது, மேலே விழுந்தது. கதவைத் திறந்த லூர்தெஸுக்கு மூக்குக்குள் முடியெல்லாம் விறைத்துக்கொண்டது. கோயிலில் பூசை முடிந்ததும் எல்லோருக்கும் கொடுப்பதற்காக அவள் தேங்காய்ப்பால் விட்டுச் சுட்ட பிபிங்கா அப்பங்கள் தட்டுத் தட்டாகத் தயாராக இருந்தன. அர்சேனியோ சாவியைத் திருப்பினான். வண்டி ஒருமுறை முனகியது. மறுபடி திருப்பினான். அதுவும் இல்லை.

மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். பேட்டரி சரி. ஸ்பார்க் பிளக்குகள் சரி. எல்லாம் சரி. வண்டி மட்டும் சரியில்லை. அவன் மீசை வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் இரவுதான் திரும்பி வந்திருந்த ஸ்டெஃபா, கையில் ஒரு நீளமான துடைப்பத்தோடு, அதை வண்டியில் வைக்க வெளியே வந்தாள். அவளுக்கு அன்று காலை பத்து மணிக்கு ஆட்டம். பனித்தரையில் கனமான கல்லை வழுக்கவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்களே, அந்த ஆட்டம்.

"என் வண்டியைச் சொருகி வச்சீங்கல்ல?" என்று கேட்டபடியே தன் காரின் முன்னால் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "என் ஒயரு எங்க? யாரோ திருட்டுப் பய வெட்டிக்கிட்டுப் போயிருக்கான்! அது இல்லாம இஞ்சின் எப்படிச் சூடாகும்? இந்தக் குளிர்ல ராத்திரி முழுக்கச் சொருகி வைக்கலைன்னா எண்ணெய் தார் மாதிரி கெட்டியாயிடுமே!"

லூர்தெஸ் மெதுவாகத் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றும் இல்லாததால் நட்சத்திரத்தைப் பார்த்தான். ஸ்டெஃபாவும் அவன் பார்வை போன திக்கில் பார்த்தாள். நட்சத்திரத்திலிருந்து இறங்கிய ஒயரின் நுனியில் ஒரு கறுப்பு பிளக், அதில் இரண்டு சிவப்புப் பொட்டு.

"அது என் நகப்பூச்சு" என்றாள் ஸ்டெஃபா. "மாறிப் போயிடக் கூடாதுன்னு நானே வச்சது."

ஜோவெலின்தான், "அப்பா உங்களுக்கு உதவி செஞ்சாங்க ஆன்ட்டி" என்றாள்.

ஸ்டெஃபா துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "எங்க பஸ் டிப்போ முழுக்கத் திருட்டுப் பயலுங்க இருந்தானுங்க. ஒருத்தன்கூட என் ஒயர்ல விளக்கேத்தினதில்லை" என்றாள். திட்டுகிறாளா சிரிக்கிறாளா என்று லூர்தெஸுக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, நான் சரி பண்ணித் தர்றேன்" என்றான் அர்சேனியோ. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் குரல் இவ்வளவு சின்னதாக வந்து லூர்தெஸ் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் வரவேண்டிய நேரம். பாவமாகத்தான் இருந்தது. உள்ளே போய் அந்தப் பஞ்சுமிட்டாய்க் கோட்டை எடுத்து வந்து நீட்டினாள். அவன் உடனே வாங்கிப் போட்டுக்கொண்டான்.

ஒயர் வேலைக்குக் கையுறை உதவாது. வெறுங்கையில் இரண்டு முறுக்கு முறுக்குவதற்குள் விரல் மரத்துப்போகும். லூர்தெஸ் சூடான அப்பத்தட்டைத் துணி மூடி அவன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் விரலைத் துணிக்கடியில் விட்டுச் சூடேற்றிக்கொள்வான், ஒயரை முறுக்குவான், மறுபடி விடுவான்.

"அப்பத்துல கிரீஸைப் பூசாத!"

"கை விழுந்துடும்டி!"

"விழுந்தா இன்னொரு கை இருக்குல்ல. வேலையைப் பாரு."

முதலில் நட்சத்திரத்திலிருந்து கழற்றிய ஒயரால் ஸ்டெஃபாவின் வண்டி, அடுத்து எடுத்து வைத்திருந்த ஒயரால் தன்னுடையது. இரண்டையும் கம்பத்தில் சொருகிவிட்டு ஸ்டெஃபாவின் சமையலறையில் போய் உட்கார்ந்தார்கள். அவள் உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டிப் போட்டாள். லூர்தெஸ் அப்பத்தட்டைத் திறந்தாள். பூசை போயே போய்விட்டது. போனில் நிதா கத்திய கத்தல் மேசை முழுக்கக் கேட்டது.

"அன்னைக்கே சொல்ல வந்தேனே! ஒயரைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்!"

"தெரியும்க்கா" என்றான் அர்சேனியோ. "இனிமே சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

நிதா, "யாரு பேசுறது?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

ஒன்பதரைக்கு ஸ்டெஃபாவின் கார் இருமி, தும்மி, உறுமிக் கிளம்பியது. அவள் கண்ணாடியை இறக்கி, "ஏறுப்பா" என்றாள் அர்சேனியோவிடம். "உன் முடிச்சு வழியில அவுந்துட்டா யாரு தள்ளுவா?"

சாயங்காலம்தான் அவன் திரும்பி வந்தான். நொண்டிக்கொண்டு வந்தான். கோட்டின் பின்பக்கம் முழுக்க ஈரம். சோபாவில் சாய்ந்ததும் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. ஸ்டெஃபாவின் குழுவில் ஒருத்தருக்கு வண்டி கிளம்பவில்லையாம், ஆள் குறைந்ததாம், இவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டார்களாம்.

"விழுந்தியா?"

"அதெல்லாம் எண்ணல. தோத்துட்டோம். ஆனா லூர்தெஸ், நான் தேய்ச்ச ஒரு கல்லு... அப்படியே வளைஞ்சு போய் நடுவுல நின்னுது! கிழவனுங்க எல்லாம் எழுந்து நின்னு கத்துறானுங்க. நீ பாத்திருக்கணும்."

வந்த நாளாக அவன் இந்த ஊரைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை என்பது அவளுக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் நிறுத்திவிடுவான் என்று சொல்லாமல் இருந்தாள்.

அவன் எழுந்து சமையலறைக்குப் போய், அடிகனமான சட்டி ஒன்றைத் தரையில் கவிழ்த்து வைத்தான். ஜோவெலின் விளக்குமாற்றோடு ஓடி வந்தாள்.

"அம்மா, நீ தள்ளு!"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டபடியே லூர்தெஸ் குனிந்து, சட்டியைப் பலங்கொண்ட மட்டும் தள்ளினாள். அது குளிர்ப்பெட்டியை நோக்கிப் பாய்ந்தது. அப்பனும் மகளும் அதற்கு முன்னால் தரையைத் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள்.

"வேகமா!" என்று கத்தினாள் லூர்தெஸ். "இடது பக்கம்! இடது பக்கம்னு சொல்றேன்ல!"