ஃபெயில் சாரின் நெஞ்சு

அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் ஊரில் அவருக்கு ஃபெயில் சார் என்றுதான் பெயர். டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களுக்குப் பரீட்சை வைக்கும் அதிகாரியாக இருந்தவர். கண்ணாடியைப் பார்க்க மறந்தால் ஃபெயில். பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாலும் ஃபெயில். ஊரில் பாதிப் பேர் இன்னமும் நடந்து போவதற்கு அவர்தான் காரணம் என்பார்கள். அதைக் கேட்டால் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அப்பேர்ப்பட்டவர் இப்போது தானே ஒரு பரீட்சையில் ஃபெயிலாகிவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தார்.

விஷயம் இதுதான். மனைவி காலமான பிறகு வீட்டில் அவரும் மகளும் மட்டும். மகள் பாலம் கட்டும் இன்ஜினியர். முப்பது தாண்டியும் அவருக்குப் பாப்பா. மூன்று மாதத்துக்கு முன் அவளுக்குத் தொலைதூரத்தில் ஒரு பெரிய ஆற்றுப்பாலத்தில் வேலை கிடைத்தது. அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை இடது மார்புக்குப் போனது. உண்மையில் அது வெறும் ஏப்பம். ஆனால் மகளின் முகம் வெளிறியதைப் பார்த்ததும் அந்த ஏப்பத்துக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார். அதன் பிறகு பெட்டி, பயணம், டிக்கெட் என்று எது காதில் விழுந்தாலும் கை மார்புக்குப் போகும். அவளும் வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். அந்த வீட்டில் தனியாகச் சாப்பிட்டு, தனியாக விளக்கணைத்துப் படுக்க அவருக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல மனிதருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

விரிசல் என்று ஒருவர் சொன்னால் போய்ப் பார்க்காமல் விடுகிற ஆளா அவள்? அப்பாவை இதய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஈசிஜி நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா சும்மா உக்காந்திருக்கும்போது எந்த இதயமும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். எம்ஆர்ஐ மெஷின்ல படுக்க வச்சு ஒரு மருந்து ஏத்துவோம். ஓடாமலே இதயத்துக்கு ஓடின மாதிரி இருக்கும். ரத்தம் சரியாப் போகாத இடம் படத்துல கறுப்பாத் தெரிஞ்சிடும்."

"அதாவது, வேணும்னே டென்ஷன் குடுப்பீங்க."

"கொஞ்ச நேரத்துக்குத்தான்."

"அதுக்கு எதுக்கு டாக்டர் மெஷின்? இவ வீட்டுல இருக்கா."

மகள் சிரிக்கவில்லை. "எல்லாம் சரியா இருக்குன்னு வந்தா நான் கிளம்பறேன்பா. இல்லேன்னா போகல. சரியா?"

தலையாட்டிவைத்தார். வெளியே வரும்போது நர்ஸ், முதல் நாளிலிருந்தே காபி, டீ ஒரு வாய்கூடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். ஃபெயில் சாரின் முகம் மலர்ந்தது. கூடாது என்றதைச் செய்தவன் ஃபெயில். அவர் நடத்திய பரீட்சைகளில் அதுதானே சட்டம். போதாததற்குக் காபி குடித்தால் நெஞ்சு படபடக்கும் என்பது உலகறிந்த சங்கதி.

மகள் காபித்தூளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பரீட்சையன்று காலையில் அவர் வாக்கிங் போனார். முனைக் கடையில் கெட்டியாக ஒரு காபி குடித்தார். மனம் ஆறாமல் இன்னொன்றும் குடித்தார்.

ஸ்கேன் அறையில் இருந்த டெக்னீஷியன் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னை மூணு தடவை ஃபெயிலாக்கினீங்க சார்."

"கண்ணாடி பாத்திருக்க மாட்டே."

"பாத்தேன் சார்," என்றபடி அவர் கையில் ஊசியைக் குத்தினாள். நல்லவேளை, ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிட்டது. மார்பின் மேல் கவசம் மாதிரி ஒன்றை வைத்துக் கட்டினாள். அவசரம் என்றால் அழுத்தச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து, குழாய்க்குள் தள்ளினாள்.

உள்ளே மெஷின் தடதடவென்று தட்டியது. மருந்து ஏறுவதாகக் காதுக்குள் அவள் குரல் சொன்னது. ஃபெயில் சாருக்கு ஒன்றுமே ஆகவில்லை. இருந்தாலும் தன் பங்குக்கு முனகினார்.

"நெஞ்சு இறுக்குதா சார்?"

"ஐயோ, தாங்க முடியலம்மா."

வெளியே வந்ததும் டெக்னீஷியன் கேட்டாள், "காபி குடிச்சீங்களா சார்?"

"யார் சொன்னா?"

"உங்க மண்ணீரல். இந்த மருந்து வேலை செஞ்சா படத்துல மண்ணீரல் மங்கிடும். உங்களோடது பளிச்சுனு இருக்கு. காபி மருந்தை வேலை செய்ய விடல. அவ்வளவு வலின்னீங்க, நாடித் துடிப்பும் ஏறவே இல்ல."

இப்படி ஒரு சாட்சி தன் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. "அப்ப நான் ஃபெயிலா?" என்று கேட்டார்.

"இங்க அப்படியெல்லாம் கிடையாது சார். மறுபடியும் வரணும், அவ்வளவுதான்."

கதவருகில் மகள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். அன்று சாயங்காலமே பெட்டியை இறக்கித் துடைத்தாள், டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். அவர் கை பாதி வழி எழும்பி, தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பி வந்தது.

இரண்டாம் தடவை வாக்கிங்குக்கும் அவள் கூடவே வந்தாள். முனைக் கடைக்காரர் கூப்பிட்டும் ஃபெயில் சார் தலை நிமிரவில்லை.

மறுபடியும் குழாய், தடதடப்பு, காதுக்குள் குரல். மருந்து ஏறியது. முகம் சூடானது. யாரோ மார்பில் ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டியது. பிறகு தாடையில் ஒரு வலி எழுந்தது. அந்த வலி அவருக்குப் புதிதல்ல. ஒரு வருஷமாக மாடிப்படி ஏறும்போதெல்லாம் வந்து போவதுதான். பல்வலி என்று கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு, இடது மார்பைப் பிடித்து நாடகம் ஆடிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு சார்?"

முனக வரவில்லை. கடவுளே, பாஸாக்கிவிடு என்று வேண்டிக்கொண்டார். நிஜமாகவே பயந்துபோனார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார்.

மருந்தை நிறுத்தியதும் வலி வந்த வழியே போய்விட்டது. இந்தத் தடவை மண்ணீரல் ஒழுங்காக மங்கியிருந்தது. கூடவே இதயத்தின் ஒரு பக்கமும் கறுத்திருந்தது. டாக்டர் படத்தைக் காட்டினார். "இதயத்துக்குப் போற பெரிய ரத்தக்குழாய் ஒண்ணுல அடைப்பு. ஸ்டென்ட் வச்சாச் சரியாயிடும். தானா வந்து பாத்தீங்களே, நல்ல வேளை."

தானாக வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆசைப்பட்டபடியே ஃபெயில். வெளியே நடைவழி பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ கிளம்பு பாப்பா," என்றார். "எனக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்."

மூன்று மாதமாக அவர் சொன்ன பொய்யை எல்லாம் நம்பியவள் இதை மட்டும் நம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்துத் தட்டினாள்.

"டிக்கெட்டை மாத்திட்டேன்பா. ஸ்டென்ட் வச்சு, உங்கள வீட்டுல கொண்டு விட்டு, ஒரு வாரம் கூட இருந்துட்டுக் கிளம்பறேன். ஸ்டென்ட் வச்சாச் சரியாயிடும்னு டாக்டரே சொல்லிட்டாரில்ல."

நடிப்பு நெஞ்சுக்கு மூன்று மாதம் கொடுத்தவள், நிஜ நெஞ்சுக்கு ஒரு வாரம் கொடுத்தாள். அவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"இனிமே காபி குடிக்கலாமாம்," என்று மகள் எழுந்தாள். "வாங்கிட்டு வரட்டுமா?"

"பாப்பா," என்றார். "தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு."

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா உங்களையும் கூட்டிட்டே போயிருப்பேனேப்பா," என்றாள்.