முறைத் தண்ணீரில் வந்த கப்பல்

1966ஆம் ஆண்டு மாசி மாதம், மூன்று வருஷமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லாத சங்கராபரணி ஆற்றில் இரண்டு தட்டுக் கப்பல் ஒன்று செஞ்சிக்கு வந்து நின்றது. ஆறு வறண்டுதான் கிடந்தது. கப்பலுக்கு அடியிலும், முன்னும் பின்னும் பத்து முழமும் மட்டும் தண்ணீர் கூடவே வந்தது. அதற்கு அப்பால் மணலில் வழக்கம்போல் மாட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஊரார் ஒரு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

ஆற்றுப் பயணத்தில் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று பயணிகளுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி போதும். ஆற்றில் அலை கிடையாது, ஆகவே வாந்தி வராது. மூன்று வேளைச் சாப்பாடு, நாலு மணிக்கு பஜ்ஜி, ராஜகிரிக் கோட்டை ஏறுகிறவர்களுக்குத் தனியாக மோர். கரையில் நிற்கும் ஜனங்கள் கையாட்டுவார்கள், நீங்களும் ஆட்டலாம். அந்த ஜனங்கள் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. எழுதியவன் கையை முறித்திருந்தாலும் பாவமில்லை.

கப்பலைக் கயிறு போட்டுக் கட்ட ஒரு மரம் வேண்டியிருந்தது. கரையில் நின்றது இளையபெருமாளின் புளியமரம். பெண்டாட்டி காத்தாயியை ஒரு வார்த்தை கேட்காமல், தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்றான். பதிலுக்கு மேல்தட்டில் ஒரு சாய்வு நாற்காலியும் வேளாவேளைக்குச் சாப்பாடும் கிடைத்தன. மாட்டைப் பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்க வேண்டிய மனுஷன் அங்கே போய்க் காலை நீட்டிக்கொண்டான்.

அன்றைக்கே அவர்கள் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. முதல் நாள் ஒரு ஆள் மட்டம், மறுநாள் இரண்டு ஆள் மட்டம். கப்பல் கடந்து வந்த ஊர்களிலெல்லாம் கிணறுகள் இப்படித்தான் வற்றின என்று அனந்தபுரம் சந்தையில் பேசிக்கொண்டார்கள். காத்தாயியின் கழனியில் நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் வருஷச் சோறு, பாயாவிட்டால் வைக்கோல். மூன்று வருஷப் பஞ்சத்தை அந்த ஒரு கிணற்றை வைத்துத்தான் தள்ளியிருந்தாள்.

கிணறு அவளுக்கும் பக்கத்து நிலத்து ஜகபர் அலிக்கும் பொது. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: முறை நாளில் பொழுது சாய்கிற வரைக்கும் கிணற்றுத் தண்ணீர் எங்கே ஓடினாலும் முறைக்காரருக்குச் சொந்தம். அடுத்தவர் வயலுக்குள் புகுந்தாலும் வரப்பை வெட்டித் திருப்பிக்கொள்ளலாம், யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. மூன்றாம் நாள் காத்தாயியின் முறை. முறைத் தண்ணீரைத் திருப்ப மண்வெட்டியோடு ஆற்றுக்குப் போனாள். சாட்சிக்கு ஜகபர் அலியும் கூட வந்தார்.

"ஏ காத்தாயி, மேல வந்து பாரு, இன்னாமா காத்து வருது!" என்றான் இளையபெருமாள், பஜ்ஜியும் கையுமாக.

"யோவ், பயிரு காயுது, உனக்குக் காத்து கேக்குதா? உன்ன அப்பறம் பேசிக்கிறேன்."

கப்பல் மேனேஜர் ரங்கநாதன் மரியாதையான மனிதர். படியிறங்கி வந்து, "அம்மா, இது ஆற்றுத் தண்ணீர். ஆறு யாருக்கும் சொந்தமில்லை" என்றார்.

காத்தாயி முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கப்பலின் அடியில் கைவிட்டுத் துழாவி ஒரு பித்தளைச் செம்பை எடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் கிணற்றில் விழுந்த செம்பு அது. கல்யாணத்தில் வெட்டிய பெயர் அப்படியே இருந்தது. ஜகபர் அலி அதை வாங்கி வாய்விட்டுப் படித்தார். "காத்தாயின்னு போட்டிருக்குது சார். எங்க கிணத்துத் தண்ணிதான்."

ரங்கநாதன் வாயைத் திறப்பதற்குள் அவள் கரையை வெட்டிவிட்டாள். மூன்று வருஷக் கோபத்தையும் அந்த மண்வெட்டியில் காட்டினாள். அது முறை தெரிந்த தண்ணீர், மேடென்றும் பார்க்காமல் வாய்க்காலில் ஏறியது. புளியமரத்துக் கயிறு அறுந்தது. கப்பல் மெல்லத் திரும்பி, இரண்டு வரப்புகளைத் தாண்டி, ஒரு கதிரைக்கூட மடக்காமல் கழனி நடுவில் வந்து நின்றது. இதுவும் டிக்கெட்டில் சேர்ந்தது என்று நினைத்துப் பயணிகள் போட்டோ எடுத்தார்கள். சாயங்காலம் திண்டிவனம் பஸ் பிடித்துப் போனார்கள். இளையபெருமாள் இறங்கி வந்தான். காத்தாயி அறுவடை வரை அவனோடு பேசவில்லை.

மறுநாள் ஜகபர் அலியின் முறை. தண்ணீர் அவர் கடலைக் காட்டுக்குப் போனது, கப்பலும் கூடவே போனது. அதற்கடுத்த நாள் திரும்பி வந்தது. நெல் பழுத்து வீடு வந்து சேர்ந்தது. ஆற்றோரத்து மற்ற ஊர்களில் பயிரெல்லாம் கருகிப்போனது. அதை நினைத்தால் காத்தாயிக்குச் சோறு இறங்காது, இறங்கவும் கூடாது என்பாள்.

ஆடியில் ரங்கநாதன் இரண்டு ஆட்களோடு கப்பலைக் கேட்டு வந்தார். காத்தாயி நாற்றுக்கட்டைக் கீழே வைக்கவில்லை.

"கடல்லருந்து இங்க வரைக்கும் எத்தினி கிணறு வத்திச்சோ, அத்தினியும் ரொப்பிட்டு வாங்க. அப்பறம் எடுத்துக்கினு போங்க."

அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனார், அப்புறம் வரவில்லை. மறுநாள் அவளுடைய முறை. விடியும்போதே கப்பல் கழனிக்கு வந்துவிட்டது, அவள் அதைச் சுற்றி நாற்று நட்டாள்.