வாய்க்கால் படம்

கந்தன் மாலையைப் போட்டார். பிறகு அலமாரியிலிருந்த படச்சுருள் டப்பாவை எடுத்து செத்துக் கிடந்த தேவகியின் அப்பாவின் நெஞ்சின்மேல் வைத்தார்.

"அவரு உசுரே இதுலதான் இருந்துச்சு. கூடவே வச்சு அனுப்பிடுங்கம்மா."

செத்தவருக்குப் பிடித்ததை உடன் வைத்து எரிப்பது வழக்கம்தான். அழுதுகொண்டிருந்த பெண்கள் தலையசைத்தார்கள். தேவகி எழுந்து போய் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கந்தனின் சாயப்பட்டறைக் கழிவு ஏரி வாய்க்காலில் விழுவதை, போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அப்பா ஒளிந்து ஒளிந்து எடுத்த படம் அது. வேறு பிரதி கிடையாது.

"குடுத்துடு தேவகி," என்றான் அண்ணன் குமாரசாமி. கந்தனிடம் கணக்கு எழுதுபவன். "சாவு வூட்டுல சண்ட வாணாம்."

"யாரு சண்ட போட்டா? அப்பாவ எடுத்துக்கினு போறதுக்குள்ள ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடலாம். ஜாஃபர் பாய், மிஷின் இருக்குதா?"

அப்பாவோடு ஓரிக்கை ஊர் வரை தெருத்தெருவாகப் படம் காட்டியவர் ஜாஃபர். மூக்கைச் சிந்திவிட்டு, "சைக்கிள்லயேதாம்மா இருக்குது," என்றார்.

"பொணத்த வச்சுக்கினு சினிமாவாடி?" என்றாள் அத்தை.

"சினிமா இல்ல அத்த. நம்ம வாய்க்கா."

ஜன்னல்களில் போர்வை கட்டினார்கள். தலைமாட்டு விளக்கை அணைக்கக் கூடாது. அதை முறத்தால் மறைத்தாள் தேவகி.

சுவரில் தண்ணீர் ஓடியது. படத்தில் சத்தமும் இல்லை, நிறமும் இல்லை. எப்போதும் அப்பாதான் பக்கத்தில் நின்று எது என்ன நிறமென்று சொல்வார்.

தேவகி போய் நின்றாள். "இது செகப்பு. நம்ம கெணத்துப் பக்கம் வர்றது."

அடுத்த மடை வந்தது. என்ன நிறமென்று அவளுக்குத் தெரியவில்லை. மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அது பச்சை," என்றாள் இருட்டில் ஒருத்தி. கந்தனின் பட்டறையில் சாயம் காய்ச்சும் செல்லியம்மாள். "மொதலாளி தொறந்து வுடுன்னாரு. நாந்தான் தொறந்தேன்."



கந்தன் எழுந்து கதவைத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்ததில் சுவர் வெளுத்துப் போயிற்று. அவர் நிலைப்படியிலேயே நின்றார்.

"இருக்கறதுன்னா இருங்க, போறதுன்னா போங்க மொதலாளி," என்றாள் செல்லியம்மாள். "படம் தெரியல."

குமாரசாமி எழுந்து வந்தான். கந்தன் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் தலை குனிந்தபடியே அவர் வெளியே இறங்கும்வரை காத்திருந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.